எல்லாப் பெட்டியிலும் ‘இல்லை’

“…எலிக்குப் போட்டுப் பாத்தாங்களோ, குரங்குக்குப் போட்டுப் பாத்தாங்களோ, எனக்குத் தெரியாது தம்பி. ஆனா எனக்குப் போட்டுப் பாக்க விடமாட்டன். அவ்வளவுதான் கதை,” என்று சொல்லிவிட்டு அக்கா தன் சோற்றுப் பெட்டியைத் திறந்தார்.

கொரோனாவுக்குத் தடுப்பூசி வந்த முதல் குளிர்காலம் அது. நாங்கள் வேலை செய்யும் வயோதிபர் இல்லம் மொன்றியலின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் இருக்கிறது. மூன்று மாடிக் கட்டடம். அதன் நிலக்கீழ்ச் சாப்பாட்டறையில் ஒரு மேசைக்கு ஒருவர்தான் இருக்கலாம் என்று சட்டம் போட்டிருந்தார்கள். ஆகவே அக்கா ஒரு மூலையில், நான் மறு மூலையில், நடுவில் மூன்று வெறும் மேசைகள். காதோடு காதாகக் கதைக்க வேண்டிய கதையைக்கூட ஏலம் கூறுவதுபோலக் கூவித்தான் கதைக்க வேண்டும். எனக்கு அதில் கஷ்டமில்லை. என் குரலுக்கு மூன்று மேசை ஒரு தூரமே இல்லை என்று என் வீட்டில் சொல்வார்கள்.

“அது கிடக்கட்டும். நீர் குளிசை போட்டனீரோ?” என்றார் அக்கா.

முந்திய வருடம் என் இடது காலில் இரத்தம் கட்டிப் பெரிய பாடாய்ப் போயிருந்தது. அன்றிலிருந்து இரத்தம் உறையாமல் இருக்க ஒரு குளிசை, மத்தியானச் சாப்பாட்டோடு. மனைவி காலையில் நினைவூட்டுவார், அக்கா மத்தியானம் நினைவூட்டுவார். நடுவில் எனக்கு நினைவு என்று ஒன்று தேவைப்படவில்லை.

அக்கா என்று சொன்னாலும் அவர் எனக்கு உறவில்லை. மன்னாரில் பிறந்து, நாட்டை விட்டு வந்து, மொன்றியலில் மூன்று பிள்ளைகளை வளர்த்து, இப்போது ஆற்றுக்கு அப்பால் லவாலில் மூத்த மகளோடு இருப்பவர். அன்று அவருக்கு வயது அறுபத்தொன்று. என்னைவிட ஐந்து வயது கூட. இருவருக்கும் ஒரே வேலை. வயோதிபர்களைக் கட்டிலிலிருந்து எழுப்புவது, குளிக்க வார்ப்பது, உடுப்பு மாற்றுவது, சாப்பாடு ஊட்டுவது, திரும்பக் கட்டிலில் விடுவது. இங்கே அதற்குப் பிரெப்போசே என்று பெயர். ஊரிலிருந்து உறவினர்கள் கேட்டால் ‘ஆஸ்பத்திரியில் வேலை’ என்று சொல்லிக்கொள்வோம். ஆஸ்பத்திரியில் என்ன வேலை என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

யார் எதைச் சொன்னாலும் சொன்ன விதம் நன்றாயிருந்தால் அதை மனதில் முடிந்து வைப்பது என் பழக்கம். ஊசி வந்த அந்த மாதம் எனக்கு நல்ல அறுவடை. ஹெயிட்டியிலிருந்து வந்த தோழி ஒருத்தி சொன்னாள்: “ஊசிக்கு எனக்குப் பயமில்லை. போட்ட பிறகு அம்மாவுக்குத் தொலைபேசியில் சொல்லத்தான் பயம்.” சலவை அறையில் இருபது வருடமாய் வேலை செய்யும் மனிதர், அதிகம் வாய் திறக்காதவர், மிஞ்சிய ஊசி ஒன்றைப் போட்டுவிட்டு, கையைத் தடவிக்கொண்டு வந்து சொன்னார்: “இந்த வீட்டில் என் பெயரைச் சரியாகச் சொல்லிக் கூப்பிட்டவள் அந்த ஊசிக்காரி ஒருத்திதான். அதற்காகவே போட்டேன்.” இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவிக்குச் சொன்னேன். இரண்டாவதைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை.

அக்காவின் எலியும் குரங்கும் அந்த வரிசையில் வைக்க வேண்டியவைதான். ஆனால் அதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம், மூன்றாம் மாடியில் இருந்த மதாம்.

எல்லோரும் அவரை அப்படித்தான் அழைப்போம். தொண்ணூறைத் தாண்டியவர். இளம் வயதில் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலை. அறைக் கதவை யார் திறந்தாலும் “அலோ” என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார், யாரோடு இணைக்க வேண்டும் என்று நாம் சொல்லப்போகிறோம் என்பதுபோல. வேறு பேச்சு அநேகமாய் நின்றுவிட்டது. சாப்பிடவும் மறந்துவிட்டார். அக்காதான் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். கரண்டியை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு “ஒண்டு… ரெண்டு… மூண்டு” என்று எண்ணுவார். மூன்றுக்கு மதாமின் வாய் திறக்கும். எட்டு வருடமாக அந்த அம்மா சாப்பிட்ட ஒவ்வொரு வாயும் தமிழில் எண்ணப்பட்டது.

மற்றவர்கள் பிரெஞ்சில் எண்ணிப் பார்த்தார்கள். வாய் திறக்கவில்லை. தமிழ் எண்களைப் பழகி எண்ணிப் பார்த்தார்கள். அதற்கும் திறக்கவில்லை. ஒருநாள் நானே போய், தமிழனாய்ப் பிறந்த தெம்பில், கரண்டியைத் தூக்கி எண்ணினேன். மதாம் என்னைப் பிழையான இணைப்பு வந்ததுபோலப் பார்த்தார்.

கொரோனா வந்த முதல் வசந்தத்தில் மூன்றாம் மாடியில் பல கட்டில்கள் வெறுமையாயின. எத்தனை என்று நான் எண்ணவில்லை. அக்காவுக்கும் அந்த வருத்தம் தொற்றி, லவாலில் மகளின் வீட்டு நிலக்கீழ் அறையில் மூன்று கிழமை படுத்திருந்தார். மதாமுக்கு நோய் வரவில்லை. ஆனால் அந்த மூன்று கிழமையும் வாய் திறக்கவில்லை. வலுக்கட்டாயமாகக் கொடுத்த பானம்தான் உயிரைப் பிடித்து வைத்தது. அக்கா திரும்பி வந்த அன்று மதாமின் கல்யாண மோதிரம் விரலில் நில்லாமல் கழன்று விழுந்தது. அக்கா அதன் உட்புறத்தில் நூல் சுற்றித் தடிப்பாக்கி, திரும்ப மாட்டிவிட்டார். பிறகு கரண்டியை எடுத்தார். ஒண்டு, ரெண்டு, மூண்டு.

இப்போது அந்த இல்லத்தில் ஒரு புதிய அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். திங்கட்கிழமையிலிருந்து ஊசி போடாதவர்கள் மாடிகளில் வேலை செய்ய முடியாது. கீழே சலவை அறைக்கோ சமையலறைக்கோ மாற்றப்படுவார்கள். ஊசிக்காரர்கள் கடைசியாக வரும் நாள் வெள்ளிக்கிழமை. நாங்கள் சோற்றுப் பெட்டியோடு இருந்த அன்று செவ்வாய்.

அக்காவின் முறை ஏற்கெனவே மூன்று தடவை வந்து போயிருந்தது. தலைமைத் தாதி ஒவ்வொரு முறையும் அவரிடம் கேட்டிருக்கிறார். அக்கா ‘மாட்டேன்’ என்று சொல்லவில்லை. எங்களில் யார் மேலதிகாரியின் முகத்துக்கு நேரே அப்படிச் சொல்வார்கள்? “ஓம், ஓம், அடுத்தமுறை” என்று சிரித்திருக்கிறார். பாவம் அந்தத் தாதி, சிரிப்பை நம்பி மூன்று முறையும் பட்டியலில் பெயரை எழுதி, மூன்று முறையும் கரைத்து வைத்த மருந்து வீணாகாமல் இருக்க வேறு யாரையாவது தேடி ஓடியிருக்கிறார். கடைசியில் என்னைக் கூப்பிட்டார்.

“உன்னால் யாரோடும் பேச முடியும். அவரோடு பேசு,” என்றார். “அவரைச் சலவை அறைக்கு அனுப்பினால் மேலே என்ன நடக்கும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.”

பேசினேன். செவ்வாயும் பேசினேன், புதனும் பேசினேன். அக்காவிடம் பாரிசில் இருக்கும் மச்சாள் அனுப்பிய குரல்பதிவு ஒன்று இருந்தது.

“ஊசி போட்ட ஒருத்தருக்குக் கை தூக்கேலாமப் போச்சாம், தம்பி.”

“எவ்வளவு நாளைக்கு?”

“ரெண்டு நாளைக்கு.”

“பேந்து?”

“பேந்து தூக்கினவராம்.”

“அப்ப அது என்ன அக்கா கதை?”

“ரெண்டு நாள் தூக்கேலாம இருந்ததுதான் கதை. நீர் சும்மா வாயைக் குடுத்து என்னை மடக்கப் பாக்கிறீர்.”

மடக்கத்தான் பார்த்தேன். அதுதான் நான் விட்ட பிழை. புதன்கிழமை மத்தியானம், மூன்று மேசைக்கு அப்பாலிருந்து, எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்: “மதாமுக்கு ஊசி போடேக்க நீங்கள்தானே அக்கா பக்கத்தில நிண்டு கையைப் பிடிச்சு எண்ணினனீங்கள்? அவவுக்கு நல்ல சாமான், உங்களுக்குக் கூடாத சாமானோ?”

அக்கா பாதிச் சோற்றோடு பெட்டியை மூடினார். முகக்கவசத்தை மாட்டினார். போகும்போது என் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டும்போது என்னைப் பார்க்கவில்லை. குளிசை போட்டனீரோ என்றும் கேட்கவில்லை.

அன்று குளிசை போட மறந்துபோனேன்.

வியாழக்கிழமை மூன்றரைக்கு வேலை முடிந்து வெளியே வந்தபோது நல்ல பனி. அக்கா மெட்ரோ வாசலில் நின்றார். எனக்காக நின்றாரா, சப்பாத்துப் பனியைத் தட்ட நின்றாரா என்று தெரியவில்லை. ஆரஞ்சு வழித்தட ரயிலில் இருவரும் ஏறினோம். நான் நடுவழியில் இறங்குபவன், அவர் கடைசித் தரிப்பான லவால் வரை போகிறவர். எதிரெதிரே இருந்தோம். இரண்டு தரிப்புப் போயிருக்கும்.

“தம்பி,” என்றார், “என்னை வேலைக்குச் சேர்க்கேக்க நீர் நிரப்பின ஃபோம் ஞாபகமிருக்கோ?”

இருந்தது. இல்லாமல் எப்படி? இந்த நகரத்தில் எனக்குக் கிடைத்த முதல் பட்டமே ‘ஃபோம்காரன்’, படிவம் நிரப்பிக் கொடுப்பவன். பள்ளிக்கூடத்தை அரைவாசியில் விட்டவன் நான். பிரெஞ்சை எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. காலைச் சாப்பாட்டுத் தானியப் பெட்டியின் முதுகில் படித்தேன். ஷாம்பூப் போத்தலில், பஸ் அறிவித்தலில் படித்தேன். பிறகு நான் குளிக்க வார்த்த கிழவர்கள் ஏசின ஏச்சில் படித்தேன். ஓரளவு வாசிக்க வந்ததும் எங்கள் ஆட்கள் கடுதாசிகளைத் தூக்கிக்கொண்டு என் சமையலறைக்கு வரத் தொடங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமையில் என் சாப்பாட்டு மேசை ஒரு கந்தோர், அலுவலகம்தான்.

அந்தத் தொழிலை எனக்குப் பழக்கிவிட்டவர் எனக்கு முன்னால் இங்கே வந்த ஓர் அண்ணை. அவரிடம் ஒரேயொரு விதி இருந்தது. “ஃபோமில எது கேட்டாலும் ‘இல்லை’ எண்டு போடு. ‘ஓம்’ எண்டு போட்டியெண்டா பின்னால இன்னொரு ஃபோம் வரும். அதுக்குப் பின்னால விசாரணை வரும். ‘இல்லை’ எண்டா கதை முடிஞ்சுது.” அகதி விண்ணப்பத்தில் போட்ட ஒரு ‘ஓம்’ காரணமாக நான்கு வருடம் காத்திருந்த மனிதர் அவர். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நாங்கள் எல்லோரும் அந்த விதியில்தான் உள்ளே வந்தோம். நோய் வருத்தம் உண்டா? இல்லை. சத்திரசிகிச்சை நடந்ததா? இல்லை. முதுகு வலியா? இல்லை. முதுகு வலியில்லாத ஓர் அகதியை நான் இன்னும் காணவில்லை.

நாளடைவில் நான் கேள்விகளை வாசிப்பதையே விட்டுவிட்டேன். பேனையை ‘இல்லை’ப் பெட்டிகளின் மேல் வைத்து, மேலிருந்து கீழே ஒரே இழுப்பில் வருவேன். கடைசியில் “இதில கையெழுத்து வையுங்கோ.”

“அதில ஒரு கேள்வி இருந்ததாம்,” என்றார் அக்கா. “ஏதும் மருந்து ஒத்துக்கொள்ளாதோ எண்டு. எனக்குப் பேந்துதான் தெரியும், தம்பி. வேலை தொடங்கி ரெண்டு மாதத்தால, புதுசா வந்த பிள்ளை ஒண்டு தன்ர ஃபோமை எனக்கு வாசிச்சுக் காட்டேக்க. நீர் ‘இல்லை’ எண்டு போட்டிட்டீர். நான் கையெழுத்து வைச்சிட்டன்.”

“ஒத்துக்கொள்ளாத மருந்து இருக்கோ அக்கா?”

“பெனிசிலின்.”

பத்தொன்பது வயதில் அக்காவின் காலில் ஆணி குத்திப் புண்ணாகியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். வாசலுக்கு நடந்து வரும்முன் நாக்கு தடித்து, தொண்டை அடைத்து, விழுந்துவிட்டார். “மாதாவே எண்டு சொல்லப் பாக்கிறன், சத்தம் வரேல்லை. வெள்ளைச் சேலையால மூடத் தொடங்கிட்டினமாம். ஒரு தாதி வந்து சேலையை இழுத்துப்போட்டுத்தான் திரும்ப ஒரு ஊசி போட்டவவாம். அதுக்குப் பிறகு ஒரு ஊசியும் போடேல்லை. பிள்ளைப்பேறு மூண்டுக்கும் பல்லைக் கடிச்சுக்கொண்டு கிடந்தனான்.”

ரயில் ஒரு தரிப்பில் நின்றது. கதவு திறந்து மூடியது. அது நான் இறங்க வேண்டிய தரிப்பு.

“இப்ப சொல்லும் பாப்பம்,” என்றார். “ஊசி போடுற பிள்ளை இதைத்தான் முதல் கேக்கும். ஓம் எண்டு சொன்னா, கந்தோரில பழைய ஃபோமை எடுத்துப் பாப்பினம். பொய் சொல்லி வேலைக்கு வந்தவ எண்டு வீட்டை அனுப்புவினம். இல்லை எண்டு சொல்லிப் போட்டிட்டு, அண்டைக்குப் போலத் தொண்டை அடைச்சா? அதுதான் எலி எண்டும் குரங்கு எண்டும் சொல்லிக்கொண்டு திரியிறன். விசரி எண்டு நினைச்சாலும் பரவாயில்லை எண்டு.”

“என்னட்டைச் சொல்லியிருக்கலாமே அக்கா, எப்பவோ?”

“உம்மட எழுத்து, தம்பி,” என்றார். “நான் வாய் திறந்தா, ஆர் நிரப்பினது எண்டு கேப்பினம். உமக்கும் ரெண்டு பிள்ளையள்.”

பதினாறு வருடம். அந்த ஒரு கோட்டை நான் இழுத்து முடித்துவிட்டுத் தேத்தண்ணி குடித்திருப்பேன். அவர் அதைப் பதினாறு வருடம் சுமந்திருக்கிறார், என்னையும் சேர்த்து. அந்த மனிதரைத்தான் நான் மூன்று மேசைக்கு அப்பாலிருந்து எல்லோருக்கும் கேட்க மடக்கினேன்.

ரயில் ஆற்றுக்குக் கீழால் போனது. லவாலில் கடைசித் தரிப்பு வந்தபோதுதான் சொன்னேன்: “நாளைக்கு உங்களோட நான் வாறன். எழுதினது நான் எண்டு நானே சொல்லுறன்.”

“சொல்லி உம்மட வேலையும் போனா?”

“போனா ரெண்டுபேருமாச் சேர்ந்து ரோல்ஸ் பொரிச்சு விப்பம்.”

“உம்மட வாய்க்கு வியாபாரம் நல்லாத்தான் நடக்கும்,” என்று அக்கா இறங்கினார். பிறகு திரும்பி, “குளிசை போட்டனீரோ?” என்றார்.

வெள்ளிக்கிழமை, பிங்கோ விளையாடும் மண்டபத்தில் ஊசி. அந்த மாதம் முழுவதும் ஊசிக்கு மாடி மாடியாய்க் கூப்பிட்டுவந்தார்கள், மேலிருந்து கீழே. நான் முதலாம் மாடி ஆகையால் எனக்கும் அன்றுதான் முறை. வாசலில் ஆளுக்கொரு படிவமும் பேனையும் தந்தார்கள். அக்காவின் படிவத்தை வாங்கி, பல வருடங்களில் முதல்தடவையாக ஒரு படிவத்தை முழுதாய் வாசித்தேன். ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் சொல்லி, அவர் பதில் சொல்லும்வரை பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். ‘முன்பு ஏதாவது மருந்துக்கு ஒவ்வாமை ஏற்பட்டதா’ என்ற இடம் வந்தது.

“ஓம்,” என்றார் அக்கா. நான் ‘ஓம்’ பெட்டியில் குறி போட்டேன். அந்தப் பக்கத்துப் பெட்டி பழக்கமில்லாததால் குறி வெளியே போய்விட்டது.

ஊசி போட்ட தாதி சின்னப் பெண். ஒரு காதில் மட்டும் ஆறு தோடு. படிவத்தைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். என்ன மருந்து, எத்தனை வயதில், எவ்வளவு நேரத்தில், தொண்டையா தோலா என்று கேட்டாள். நான் பிரெஞ்சில் சொன்னேன். சொல்லச் சொல்ல என் பிரெஞ்சு என்னைக் கைவிட்டது. தானியப் பெட்டியில் இந்தச் சொற்கள் இருக்கவில்லை. அக்கா தானே கழுத்தைப் பிடித்துக் காட்டினார், நாக்கை நீட்டிக் காட்டினார், கடைசியில் கையால் முகத்தின் மேல் ஒரு சேலையை இழுத்துக் காட்டினார். அந்தப் பெண்ணுக்கு எல்லாம் விளங்கியது.

அவள் எழுந்துபோய் மண்டபத்தின் மறுபுறம் நின்ற வைத்தியரோடு ஒரு நிமிடம் கதைத்துவிட்டு வந்தாள். “இந்த ஊசியில் பெனிசிலின் கிடையாது. நீங்கள் போடலாம்,” என்றாள். “ஆனால் மற்றவர்கள் பதினைந்து நிமிடம் இருந்துவிட்டுப் போவார்கள். நீங்கள் முப்பது நிமிடம், என் கண்ணுக்கு நேரே. ஏதாவது நடந்தால் மருந்து என் கையில் இருக்கிறது.”

நான் தமிழில் சொன்னேன். அக்கா என்னை முழங்கையால் இடித்தார். அடுத்த கதையைச் சொல்லு என்று அர்த்தம்.

“இன்னொரு விடயம்,” என்றேன். “வேலைக்குச் சேரும்போது நிரப்பிய படிவத்தில் ஒவ்வாமை இல்லை என்று இருக்கிறது. அது இவர் செய்த பிழை இல்லை. எழுதியது நான். வாசிக்காமல் எழுதினேன்.”

“எந்தப் படிவம்?”

“கந்தோரில் இருப்பது. பதினாறு வருடத்துக்கு முந்தியது.”

அவள் என்னைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். பிறகு தட்டச்சுப் பலகையை இழுத்தாள். “இன்றைக்கு இங்கே சரியாக எழுதிவிடுவோம். பிறகு கந்தோரிலும் சொல்லித் திருத்திக்கொள்ளுங்கள். இவர் ஒருநாள் மயங்கி விழுந்து, தெரியாமல் யாராவது அந்த மருந்தைக் கொடுத்திருந்தால்? சொன்னீர்களே, அதுதான் முக்கியம்.” தட்தட்டென்று நாலைந்து தட்டு. “எழுதியாயிற்று,” என்றாள். பதினாறு வருடம், நாலைந்து தட்டு.

“என்னவாம்?” என்றார் அக்கா.

“எழுதியாச்சாம்.”

“எழுதி?”

“எழுதி முடிஞ்சுதாம்.”

“விசாரணை?”

“இல்லையாம்.”

அக்கா தானும் திரையை எட்டிப் பார்த்தார். பிறகு சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டி, முகத்தை மறுபக்கம் திருப்பி, “ஒண்டு… ரெண்டு…” என்று எண்ணத் தொடங்கினார். அந்தப் பெண்ணுக்கு எங்கள் கணக்குத் தெரியாதல்லவா? ரெண்டிலேயே குத்திவிட்டாள். “மூண்டு இன்னும் வரேல்லையே!” என்று அக்கா கத்தியதில், அடுத்த கதிரையில் இருந்த சமையற்காரர் தன் கையை இழுத்துக்கொண்டார்.

முப்பது நிமிடம் காத்திருக்கும் கதிரைகள் யன்னலோரம் இருந்தன. அக்கா ஒன்றில், நான் இரண்டு மீற்றர் தள்ளி மற்றதில். சுவர் மணிக்கூட்டை அவர் பார்த்தார், அவரை நான் பார்த்தேன். ஐந்து நிமிடம். எட்டு நிமிடம். பத்து நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும், அக்காவின் கை கழுத்துக்குப் போனது.

“தம்பி. தொண்டை…”

நான் எழுந்த வேகத்தில் கதிரை விழுந்தது. சத்தம் கேட்டு அந்தப் பெண் ஓடி வந்தாள். வாயைத் திறக்கச் சொன்னாள், நாக்கைப் பார்த்தாள், விரலில் ஒரு கிளிப்பை மாட்டினாள், கழுத்துத் தோலைத் தடவிப் பார்த்தாள், மூச்சை இழுத்து விடச் சொன்னாள். இவ்வளவும் நடந்தபோது நான் செய்த காரியம், விழுந்த கதிரையின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான்.

“எல்லாம் சரியாக இருக்கிறது,” என்றாள் அவள். “காலையிலிருந்து ஏதாவது குடித்தாரா?”

அக்கா குடித்திருக்கவில்லை. பயத்தில் தேத்தண்ணிகூட இறங்கவில்லையாம். ஒரு கோப்பை தண்ணீர் வந்தது. முகக்கவசத்தைக் கீழே இழுத்து ஒரே மிடறில் குடித்துவிட்டு, இன்னொரு கோப்பை கேட்டார். அதையும் குடித்தார். பிறகு தொண்டையைச் செருமிப் பார்த்தார்.

“மாதாவே,” என்றார். பிறகு கொஞ்சம் உரக்க, “மாதாவே.” என்னைப் பார்த்துச் சிரித்தார். “சத்தம் வருது, தம்பி.”

தலைமைத் தாதி அந்தப் பக்கமாய் வந்தார். அக்காவின் தோளில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்தார். கையிலிருந்த பட்டியலில் ஒரு கோடு போட்டுவிட்டு, “திங்கட்கிழமை, மூன்றாம் மாடி, ஏழரை மணி,” என்றார். இதை நான் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை.

இருபதாவது நிமிடத்தில் அக்காவுக்குப் பசி வந்துவிட்டது. மதாமுக்குச் சாப்பாட்டு நேரம் நெருங்குகிறது, இன்றைக்கு மீன் மசியலாம், அவவுக்குப் பிடிக்காது, தயிர் கலந்தால்தான் இறங்கும் என்று சொல்லிக்கொண்டே போனார். எவ்வளவு நேரம் தோளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பது இறக்கியபோதுதான் தெரிந்தது.

வாசலில் நின்றவர் என் பெயரைக் கூப்பிட்டு, படிவம் எங்கே என்று கேட்டார். அப்போதுதான் என்னுடையது வெறுமையாய் மடியில் கிடப்பதைக் கண்டேன். பேனையை எடுத்தேன். பெயர் எழுதினேன், பிறந்த திகதி எழுதினேன். பெட்டிகள் வந்ததும் மேலிருந்து கீழே ஒரே இழுப்பில் வந்து, கடைசியில் கையெழுத்தை வைத்தேன்.

“கொண்டாரும் பாப்பம்,” என்றது அக்காவின் குரல்.

“என்னத்தை?”

“அதை.”

கதிரையோடு இழுபட்டு என் பக்கத்தில் வந்திருந்தார். இரண்டு மீற்றரும் போய்விட்டது. சற்று முன் நான் வாசித்துக்காட்டிய அதே படிவம் அவருக்கு மனப்பாடம். விரலை வைத்து வரிவரியாய் இறங்கி, ஓரிடத்தில் நிறுத்தினார்.

“இது இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை போடுறனீரோ எண்ட கேள்வியெல்லோ?”

“ஓம் அக்கா, ஆனா அது சும்மா ஒரு…”

அக்கா என் கையிலிருந்து பேனையைப் பிடுங்கினார். படிவத்தைத் தன் முழங்காலில் வைத்து, அந்த இடத்தில் நான் இழுத்த கோட்டை இரண்டு முறை வெட்டி, பக்கத்துப் பெட்டியில் கடதாசி கிழியும் அளவுக்கு அழுத்தி ஒரு குறி போட்டார். விபரம் எழுதும் கோட்டில், குளிசையின் பெயர் தெரியாததால், தமிழில், கொட்டை எழுத்தில், ‘கால்’ என்று எழுதினார்.